மூன்று முறை கழற்றிய இன்வெர்ட்டர்

நேற்று நங்கூரம் போட்ட இடத்திலேயே, முன்பாயின் ஓரத்தில் பிரிந்து கிடந்த தையலை மெஷினில் போட்டு அடித்து முடித்தேன். நாற்பது சென்டிமீட்டர் ஜிக்ஜாக். மெஷின் ஒரு முறைகூடத் திக்கவில்லை, பேட்டரி மின்சாரத்தை 230 வோல்ட்டாக மாற்றித் தரும் இன்வெர்ட்டரும் ஒரு முறைகூடக் கத்தவில்லை. இந்த அமைதிக்காக ஒரே சாமானை மூன்று முறை கழற்றி நான்கு முறை மாட்டியிருக்கிறேன். மறப்பதற்குள் எழுதி வைக்கிறேன்.

படகு 31 அடி பாய்மரப் படகு. டீசல் எஞ்சின். வீட்டு உபயோகத்துக்கு 12 வோல்ட்டில் இரண்டு 100 ஆம்பியர்-அவர் ஏஜிஎம் (மூடிய ஈய-அமில வகை) பேட்டரிகள் இணையாக. எஞ்சினைக் கிளப்ப இன்னொரு பேட்டரி தனியாக இருக்கிறது. அதை இந்தக் கதையில் நான் தொடவே இல்லை.

கடைக்குப் போகும் முன் உருப்படியாக ஒரு வேலை செய்தேன். எதையெல்லாம் 230 வோல்ட்டில் ஓட்டப் போகிறேனோ அதையெல்லாம் கரையில் பிளக்கில் செருகும் வாட் மீட்டரில் போட்டுப் பார்த்தேன். லேப்டாப் சார்ஜர் அதிகபட்சம் 65 வாட். டிரில் பேட்டரி சார்ஜர் 90. தையல் மெஷின் தடித்த துணியில் 110 வரை போனது. சூடான காற்று ஊதும் சின்ன ஹீட் கன் 750. அப்புறம் கெட்டில், 1500.

கெட்டில் விஷயத்தில் என் கணக்கு முதலில் தலைகீழாக இருந்தது. ஒரு லிட்டர் தண்ணீரை 25 டிகிரியிலிருந்து கொதிக்க வைக்க ஏறக்குறைய 87 வாட்-அவர் போதும். இன்வெர்ட்டர் இழப்பு, கெட்டில் இழப்பு எல்லாம் சேர்த்தாலும் பேட்டரியிலிருந்து 9 ஆம்பியர்-அவர்தான் போகும். அட, இவ்வளவுதானா என்று தோன்றியது. ஆனால் அந்த 9 ஆம்பியர்-அவரை நாலைந்து நிமிடத்துக்குள் 140 ஆம்பியராக உறிஞ்சி எடுக்கும். அதற்கு 2000 வாட் இன்வெர்ட்டர் வேண்டும், கை விரல் தடிமனுக்குக் கேபிள் வேண்டும், என்னிடம் உள்ளதைவிடப் பெரிய பேட்டரியும் வேண்டும். வெந்நீர் கேஸ் அடுப்பிலேயே இருக்கட்டும் என்று விட்டுவிட்டேன். இந்த முழு வேலையில் நான் எடுத்த முடிவுகளிலேயே அதிகப் பணம் மிச்சம் செய்தது இதுதான்.

கெட்டிலைக் கழித்ததும் 1000 வாட் போதும் என்று ஆனது. 12 வோல்ட்டில் மனக்கணக்கு எளிது: வாட்டைப் பத்தால் வகுத்தால் பேட்டரி பக்கத்து ஆம்பியர் கிட்டத்தட்ட வந்துவிடும், இழப்பும் அதிலேயே அடக்கம். 750 வாட் என்றால் 75 ஆம்பியர்.

முதலில் வாங்கியது மாடிஃபைடு சைன் வகை, அதாவது வீட்டு மின்சாரத்தின் வழுவழுப்பான அலைக்குப் பதில் படிக்கட்டு மாதிரி அலை தருவது. விலை, வழுவழுப்பான அலை தரும் ப்யூர் சைன் விலையில் மூன்றில் ஒரு பங்குதான். "மோட்டார்தானே, எதில் வேண்டுமானாலும் ஓடும்" என்று நினைத்தேன். லேப்டாப் ஓடியது. தையல் மெஷினைச் செருகிப் பெடலை மெதுவாக அழுத்தினால் ஒன்றுமே நடக்காது. இன்னும் கொஞ்சம் அழுத்தினால் ஒரே பாய்ச்சலாகப் பாய்ந்து ஊசி துணியைக் கிழித்துக்கொண்டு போகும். வேகத்தைக் கட்டுப்படுத்தும் எலக்ட்ரானிக் பெடலுக்கு இந்தப் படிக்கட்டு அலை புரியவில்லை. மோட்டாரிலிருந்து ஒரு ரீங்காரம் வேறு. டிரில் சார்ஜர் கை வைக்க முடியாத சூடு. மூன்றாம் நாள் அதிலிருந்து பிளாஸ்டிக் வாசனை வந்தது, அதோடு அது செத்தது.

இதற்கு நடுவே ஒரு அரை நாளை வீணாக்கினேன். சாக்கெட்டில் மல்ட்டிமீட்டர் வைத்தால் 181 வோல்ட் காட்டியது. இன்வெர்ட்டர் பழுது என்றே முடிவு கட்டிவிட்டேன். உண்மையில் என் மீட்டர் மலிவு ரகம். சராசரியை அளந்து, அது சைன் அலை என்று தானே நினைத்துக்கொண்டு, 1.11-ஆல் பெருக்கிக் காட்டும் வகை. படிக்கட்டு அலையில் அது குறைத்துத்தான் காட்டும். எந்த அலையையும் சரியாக அளக்கும் ட்ரூ ஆர்எம்எஸ் மீட்டர் ஒன்றைக் கடன் வாங்கி வைத்தேன்: 228. இன்வெர்ட்டர் தன் வேலையை ஒழுங்காகத்தான் செய்துகொண்டிருந்தது. அந்த வேலைதான் எனக்கு ஆகவில்லை.

இரண்டாவது, ப்யூர் சைன் 1000 வாட். மாட்டிய இடம் வரைபட மேசைக்குக் கீழே, பழையது இருந்த அதே இடம். அங்கே திருகு ஓட்டைகள் தயாராக இருந்தன என்பதைத் தவிர வேறு காரணம் இல்லை. பேட்டரியிலிருந்து மூன்று மீட்டர் தூரம். பழைய 16 சதுர மி.மீ. கேபிளையே பயன்படுத்தினேன்.

தையல் மெஷின் இப்போது வெண்ணெய் மாதிரி ஓடியது. ஹீட் கன்னைப் போட்டேன். நாற்பது வினாடி ஓடியிருக்கும், இன்வெர்ட்டர் கீச்சென்று கத்த ஆரம்பித்தது. குறைந்த வோல்ட்டேஜ் எச்சரிக்கை. இந்த மாடலில் 11.0 வோல்ட்டில் கத்தும், 10.5-இல் தானே நின்றுவிடும். பேட்டரியோ முழு சார்ஜில் இருந்தது.

பேட்டரி முனையில் அளந்தால், ஹீட் கன் ஓடும்போது 11.90. இன்வெர்ட்டர் முனையில் 11.05-இல் தொடங்கி இறங்கிக்கொண்டே இருந்தது. 0.85 வோல்ட் வழியிலேயே காணாமல் போகிறது. கிளாம்ப் மீட்டரில் மின்னோட்டம் 72 ஆம்பியர்.

கணக்குப் போட்டேன். தாமிரத்தின் மின்தடை ஒரு மீட்டர் நீளத்துக்கு, ஒரு சதுர மி.மீ. தடிமனில் 0.0175 ஓம். போக மூன்று, வர மூன்று, மொத்தம் ஆறு மீட்டர். பதினாறால் வகுத்தால் 0.0066 ஓம். 72 ஆம்பியருக்கு 0.47 வோல்ட். போகும் தூரத்தை மட்டும் எண்ணி வரும் தூரத்தை விட்டுவிடுவது இந்தக் கணக்கில் எல்லோரும் செய்யும் தப்பு. நானும் முதல் தடவை செய்தேன். சரி, கேபிள் 0.47-ஐத் தின்கிறது. மிச்சம் 0.38 எங்கே?

இதைக் கண்டுபிடித்த விதம்தான் எனக்கு இந்த வேலையில் பிடித்த பகுதி. மீட்டரை மில்லிவோல்ட்டில் வைத்து, லோடு ஓடிக்கொண்டிருக்கும்போதே ஒரு முனையைக் கேபிளின் செம்பிலும் மறு முனையை அது பிடித்திருக்கும் போல்ட்டிலும் வைக்க வேண்டும். ஒவ்வொரு இணைப்பாக இப்படியே நகர வேண்டும். நல்ல இணைப்பு ஐந்து பத்து மில்லிவோல்ட் காட்டும். பேட்டரி சுவிட்ச் 60 காட்டியது. ஃபியூஸ் ஹோல்டர் 70. பாசிட்டிவ் கேபிளின் இன்வெர்ட்டர் பக்கத்து லக், அதாவது கேபிள் நுனியை போல்ட்டில் மாட்டும் செம்பு முனை, 210 காட்டியது.

210 மில்லிவோல்ட்டை 72 ஆம்பியரால் பெருக்கினால் 15 வாட். ஒரு கட்டை விரல் அளவு லக்கில் 15 வாட் சூடு. தொட்டுப் பார்த்தேன், உடனே கையை எடுத்தேன். அந்த லக்கை நான் வைஸில் வைத்துச் சுத்தியலால் அடித்துப் பொருத்தியது நினைவுக்கு வந்தது.

அதை வெட்டி எடுத்து, இரும்பறுக்கும் ரம்பத்தால் குறுக்கே அறுத்துப் பார்த்தேன். உள்ளே இழைகள் ஒவ்வொன்றும் தனித்தனியாகத் தெரிந்தன, நடுவில் கறுப்பு இடைவெளிகள். ஒரு ஓரத்தில் பச்சை பூக்க ஆரம்பித்திருந்தது. உப்புக்காற்று அதற்குள் வழி கண்டுபிடித்துவிட்டது. பிறகு ஹைட்ராலிக் கிரிம்பிங் டூல் ஒன்று வாங்கி, வீண் துண்டில் ஒரு லக்கை அறுகோண அச்சில் அழுத்தி, அதையும் அறுத்துப் பார்த்தேன். இழைகளின் கோடே தெரியவில்லை. ஒரே செம்புக் கட்டி போல இருந்தது. இரண்டு துண்டுகளையும் கருவிப் பெட்டியில் வைத்திருக்கிறேன். "சால்டர் போட்டால் போதாதா" என்று கேட்பவர்களுக்கு, சால்டர் ஏறிய இடத்தில் இழைகள் விறைத்துப்போய் படகின் அதிர்வில் அந்த விளிம்பிலேயே முறியும் என்று விளக்குவதற்குப் பதில் இதைக் கையில் கொடுத்துவிடலாம்.

அடுத்த கேள்வி: தடித்த கேபிளா, குறைந்த தூரமா? மூன்று மீட்டரை அப்படியே வைத்து 50 சதுர மி.மீ. போட்டாலும் 0.15 வோல்ட் போகும். இன்வெர்ட்டரை பேட்டரிப் பக்கமே கொண்டுபோய் 1.2 மீட்டராக்கி 35 போட்டால் 0.09-தான். செலவும் பாதிக்குக் கீழே. 230 வோல்ட் பக்கம் கேபிள் எவ்வளவு நீண்டாலும் பெரிதாக ஒன்றும் ஆகாது, அங்கே நாலு ஆம்பியர்தான் ஓடுகிறது. இதை முதல் நாளே யோசித்திருக்க வேண்டும். திருகு ஓட்டைகள் கண்ணை மறைத்துவிட்டன.

ஆக மூன்றாவது முறை மாட்டிய இடம், பின்பக்கப் படுக்கைக்குக் கீழே உள்ள பெட்டி. பேட்டரி அதற்கடுத்த பெட்டியில், நடுவில் பலகைத் தடுப்பு. பேட்டரிக்கு நேர் மேலே மாட்டவில்லை. ஈய-அமில பேட்டரி சார்ஜ் ஆகும்போது ஹைட்ரஜன் வரலாம். ஏஜிஎம்மில் அது குறைவுதான், அதிகமாக சார்ஜ் ஏறினால் அதுவும் விடும். இன்வெர்ட்டரின் ஃபேனும் ரிலேயும் அந்தக் காற்றில் இருக்கக் கூடாது. பெட்ரோல் எஞ்சின் உள்ள படகாக இருந்தால் அந்தப் பக்கமே போயிருக்க மாட்டேன்.

கேபிள், வெள்ளீயம் பூசிய செம்பு இழைகள் கொண்ட படகுக் கேபிள். லக்கின் மேல், சூடு பட்டால் சுருங்கிப் பிடிக்கும், உள்ளே பசை உள்ள ஹீட் ஷ்ரிங்க் உறை. சூடு பட்டதும் ஓரத்தில் பசை துளியாகப் பிதுங்கி வரவேண்டும், வராவிட்டால் இன்னும் சூடு காட்ட வேண்டும். ஃபியூஸ் கிளாஸ் டி (Class T), 150 ஆம்பியர். 1000 வாட் முழு லோடில், வோல்ட்டேஜ் இறங்கிய நிலையில் 108 ஆம்பியர் வரை போகும் என்பதால் அந்த அளவு. பழைய ஹோல்டரில் இருந்தது கார் ஆடியோவுக்கான ஃபியூஸ். பேட்டரி நேரடியாக ஷார்ட் ஆனால் பாயும் மின்னோட்டம் ஆயிரக்கணக்கான ஆம்பியர். சாதாரண ஃபியூஸ் உருகினாலும் இடைவெளியில் தீப்பொறி பாலம் கட்டி ஓடிக்கொண்டே இருக்கலாம். கிளாஸ் டி 20,000 ஆம்பியர் வரை துண்டிக்கும். பேட்டரி முனையிலிருந்து ஏழு அங்குலத்துக்குள் ஃபியூஸ் வரவேண்டும் என்பது அமெரிக்கப் படகுத் தரமான ஏபிஒய்சி சொல்வது, அதாவது 18 சென்டிமீட்டர். எனக்கு 14-இல் அமைந்தது.

கடைசி லக்கை போல்ட்டில் வைக்கும்போது முதல் தடவை நன்றாகப் பயந்தேன். இன்வெர்ட்டருக்குள் இருக்கும் பெரிய கெப்பாசிட்டர்கள் வெறுமையாக இருக்கும். கேபிள் தொட்ட நொடியில் அவை ஒரே மடக்கில் குடிக்கும். டப் என்று ஒரு சத்தம், நீல வெளிச்சம், போல்ட்டில் ஒரு குழி. இப்போது காரின் இண்டிகேட்டர் பல்பு ஒன்றுக்கு, 12 வோல்ட் 21 வாட், இரண்டு வயர் வைத்திருக்கிறேன். முதலில் லக்குக்கும் போல்ட்டுக்கும் நடுவே பல்பை வைத்துத் தொட்டால் பளிச்சென்று எரிந்து, மெல்ல மங்கி அணையும். அணைந்த கையோடு லக்கைப் போட்டால் ஒரு பொறியும் இல்லை.

ஓட்டிப் பார்த்தேன். 71 ஆம்பியரில் பேட்டரி முனை 11.95, இன்வெர்ட்டர் முனை 11.78. மொத்த இழப்பு 0.17. வேலை முடிந்தது என்று கருவிகளைத் துடைத்து உள்ளே வைத்தேன்.

அடுத்த வாரம் காற்று சுத்தமாக விழுந்த ஒரு மதியம். எஞ்சினில் போய்க்கொண்டிருந்தோம், தானியங்கி சுக்கான் பிடித்திருந்தது, தம்பி மேலே. ஆல்டர்னேட்டர் சார்ஜ் ஏற்றிக்கொண்டிருக்கிறதே, மிச்சமிருந்த ஹீட் ஷ்ரிங்க் வேலையை முடிப்போம் என்று கீழே ஹீட் கன்னைப் போட்டேன். மேலிருந்து குரல்: "அண்ணே, கீழ என்ன பண்றீங்க? படகு தானா வளையுது!" ஹீட் கன்னை நிறுத்திவிட்டு ஏறிப் பார்த்தேன். படகு நேராகப் போய்க்கொண்டிருந்தது. "இப்ப சரியாயிடுச்சு" என்றான். மறுபடி கீழே போய்ப் போட்டேன். மறுபடி கத்தினான். நாலு தடவை இப்படி ஏறி இறங்கிய பிறகுதான் உறைத்தது.

தானியங்கி சுக்கானின் மின்காந்தத் திசைகாட்டி அந்தப் படுக்கைக்கு அடியிலேயே தடுப்பில் மாட்டியிருக்கிறது. நான் பாசிட்டிவ் கேபிளை அதன் பக்கமாக இழுத்திருந்தேன். நெகட்டிவ், பேட்டரி மானிட்டருக்காக மின்னோட்டத்தை அளக்கும் ஷன்ட் வழியாகச் சுற்றிக்கொண்டு மறு ஓரமாக வந்தது. நடுவில் அரை மீட்டர் இடைவெளியில் ஒரு பெரிய வளையம். ஒற்றைக் கம்பியில் 72 ஆம்பியர் ஓடினால் அரை மீட்டர் தள்ளி 29 மைக்ரோடெஸ்லா காந்தப்புலம் உண்டாகும். பூமியின் காந்தப்புலமே இடத்தைப் பொறுத்து 25 முதல் 65 வரைதான். திசைகாட்டிக்கு நான் பக்கத்தில் இரண்டாவதாக ஒரு பூமியை வைத்துக் காட்டியிருக்கிறேன். எண்ணில் பார்த்தபோது திசை 22 டிகிரி மாறியது.

நிறுத்தி வைத்த படகில் லோடு போடாமல் சோதித்தாலோ, தையல் மெஷின் மட்டும் ஓட்டினாலோ இது தெரிந்திருக்காது. இரவில் தனியாக, தானியங்கி சுக்கானை நம்பிப் போகையில் நடந்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று நினைத்தால் இப்போதும் கொஞ்சம் வயிற்றைக் கலக்குகிறது.

தீர்வு மலிவு, உழைப்புதான் அதிகம். ஷன்ட்டை பேட்டரிப் பெட்டிக்கு உள்ளேயே நகர்த்தி, இரண்டு கேபிள்களையும் ஒன்றோடொன்று ஒட்ட வைத்து, 15 சென்டிமீட்டருக்கு ஒரு டை போட்டுக் கட்டினேன். போகும் மின்னோட்டமும் வரும் மின்னோட்டமும் பக்கத்தில் பக்கத்தில் ஓடினால் புலங்கள் ஒன்றையொன்று அடித்துக்கொள்ளும். அதே ஹீட் கன், அதே 71 ஆம்பியர்: திசை ஒரு டிகிரி மாறியது. அதற்காக ஒரு மீட்டர் கேபிளும் நாலு லக்கும் வீணாயின.

230 வோல்ட் பக்கம் சுருக்கமாகவே வைத்தேன். இரண்டே சாக்கெட், இன்வெர்ட்டருக்கு மட்டும். கரை மின்சாரப் பலகையோடு தொடர்பே இல்லை. கரை மின்சாரமும் இன்வெர்ட்டரும் ஒரே சாக்கெட்டுக்கு வரவேண்டும் என்றால் இரண்டில் ஒன்றை மட்டுமே இணைக்கும் மாற்று சுவிட்ச் கட்டாயம். இல்லாவிட்டால் கரையில் செருகிய நொடியில் இன்வெர்ட்டர் போய்விடும், அல்லது கையில் பிடித்திருக்கும் பிளக் முனையில் 230 நிற்கும்.

ஒரு விஷயத்தில் மட்டும் நேரம் எடுத்தேன். கசிவைப் பிடிக்கும் ஆர்சிடி பிரேக்கர் மாட்டி, அதன் டெஸ்ட் பட்டனை அழுத்தினேன், விழுந்தது, திருப்தி. பிறகு லைனுக்கும் எர்த்துக்கும் நடுவே அளந்தால் 115 வோல்ட், நியூட்ரலுக்கும் எர்த்துக்கும் நடுவே 115. அதாவது நியூட்ரல் எர்த்தோடு சேரவே இல்லை, இரண்டும் மிதக்கின்றன. இந்த நிலையில் உண்மையான கசிவு வந்தால் திரும்பிப் போக வழி இல்லை, ஆர்சிடி விழாது. டெஸ்ட் பட்டன் தன் உள்சுற்றிலேயே கசிவை உண்டாக்குவதால் எப்படியும் விழும். என் இன்வெர்ட்டரின் கையேட்டில் நியூட்ரல்-எர்த் இணைப்புக்கு உள்ளேயே இடம் கொடுத்திருந்தார்கள். இணைத்த பிறகு 230, பூஜ்யம். சாக்கெட்டில் செருகும் டெஸ்டரை வைத்து அழுத்தியதும் பிரேக்கர் விழுந்தது. எல்லா இன்வெர்ட்டரிலும் இப்படிச் சேர்க்க முடியாது. சேர்க்கக் கூடாத வகைகளில் சேர்த்தால் அதோடு முடிந்தது. கையேடு என்ன சொல்கிறதோ அதுதான்.

சூடு பற்றியும் ஒரு வார்த்தை. 750 வாட் வெளியே போக 850 உள்ளே போகிறது. மிச்ச நூறு வாட், பழைய குண்டு பல்பு ஒன்றை மூடிய பெட்டிக்குள் எரியவிட்ட மாதிரி. பத்து நிமிடத்தில் பெட்டிக்குள் 46 டிகிரி. 75 மி.மீ. ஹோல்-சா வைத்து மேலே ஒன்று, கீழே ஒன்று என்று இரண்டு ஓட்டை போட்டு வலை அடித்தேன், 37-இல் நிற்கிறது. பெட்டியில் எழுதியிருக்கும் 1000 வாட் என்பது 25 டிகிரியில் கொடுக்கும் அளவு. சூடு ஏற ஏறக் குறையும்.

சும்மா இருக்கும்போது எவ்வளவு தின்கிறது என்று வாங்கும் முன் நான் கேட்கவே இல்லை. அளந்தால் 0.7 ஆம்பியர். ஒரு நாள் முழுக்க அணைக்காமல் விட்டால் 17 ஆம்பியர்-அவர், கெட்டிலை இரண்டு முறை கொதிக்க வைத்த அளவு. மின்சாரம் மிச்சம் செய்யும் முறையை வைத்துப் பார்த்தேன். சின்ன லோடு அதன் கண்ணில் படாமல் ஃபோன் சார்ஜர் விட்டு விட்டு மினுக்கியது. பேசாமல் படிக்கட்டருகே ஒரு ரிமோட் சுவிட்ச், சிவப்பு விளக்கோடு. லேப்டாப்புக்கு 12 வோல்ட்டிலிருந்து நேராகப் போகும் சார்ஜர் ஒன்று வாங்கிவிட்டேன், அதற்கு இன்வெர்ட்டரே வேண்டாம்.

செலவு: ப்யூர் சைன் இன்வெர்ட்டரின் விலையை நூறு என்று வைத்தால், கேபிள் 30, கிளாஸ் டி ஃபியூஸும் ஹோல்டரும் 28, கிரிம்பிங் டூல் 25, லக், ஹீட் ஷ்ரிங்க், சாக்கெட், ஆர்சிடி எல்லாம் 27. வீணாய்ப் போன முதல் இன்வெர்ட்டர் 33, செத்த டிரில் சார்ஜர் 12, அறுத்துப் போட்ட கேபிள் 10. அடுத்த முறை செய்தால் இன்வெர்ட்டரை வாங்கும் முன் படகின் உள்வரைபடம் ஒன்றில் பேட்டரி, திசைகாட்டி, ரேடியோ மூன்றையும் பென்சிலால் குறித்துவிட்டுத்தான் கடைக்குப் போவேன்.

ரேடியோ என்றதும், அது இன்னும் தீரவில்லை. இன்வெர்ட்டர் ஓடும்போது விஎச்எஃப்-இல் ஒரு இரைச்சல் வருகிறது, இரைச்சலை அடக்கும் ஸ்குவெல்ச்சை இரண்டு புள்ளி ஏற்ற வேண்டியிருக்கிறது. அவுட்புட் வயரை ஃபெரைட் வளையத்தில் மூன்று சுற்று சுற்றினேன், பாதி குறைந்தது. ஆன்டெனா கேபிளிலும் ஒன்று போட்டுப் பார்க்க வேண்டும். அதுவரை வானிலை அறிக்கை நேரத்தில் தம்பி போய் அந்தச் சிவப்பு விளக்கை அணைத்துவிட்டு வருகிறான்.